பதினாறாம் திகதி

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ரஸீன் சட்டைப்பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தார். சாரத்தை இடது முழங்கால்வரை சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு இரும்பு வளையங்கள். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் நீண்ட திருகாணிகள். ஒரு பக்கச் சதையில் புகுந்து, எலும்பைத் துளைத்து, மறுபக்கம் வெளியே வரும் மெல்லிய கம்பிகள். நட்டுகளில் மூன்றுக்கு மகளின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறார். பொட்டு வைத்த ஒவ்வொன்றையும் கால்வாசிச் சுற்றுத் திருப்பினார். முகம் மாறவில்லை. ஆனால் மூன்றாவது நட்டு முடிந்தபோது மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது.

கண்டிப் பெரியாஸ்பத்திரியின் எலும்புமுறிவுக் கிளினிக்கில், வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் இந்த நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பார்கள். மீதிப்பேர் கண் வாங்காமல் பார்ப்பார்கள். அவர்களுக்கு ரஸீன் விளக்கம் சொல்வார். பழுதான இயந்திரம் ஒன்றைப் பற்றிச் சொந்தக்காரனுக்குச் சொல்லும் அதே குரல்தான்.

“எலும்ப வளக்கிற. ஒரு நாளைக்கி ஒரு மில்லிமீட்டர். நாலு தரம் திருப்பணும். அவசரப்பட்டா பிஞ்சிரும், சுணங்கினா ஒட்டிக்கொளும்.”

ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் வைத்தபிறகு, பக்கத்திலிருக்கும் பெரிய எக்ஸ்ரே உறையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அதற்குள் எக்ஸ்ரே படங்கள் பதினொன்றும் கடிதங்கள் இருபதுக்கு மேலும் இருக்கின்றன. வைத்தியர் படம் கேட்டால் சில வேளைகளில் கடிதம் வெளியே வரும். இராணுவ முகாம் அலுவலகத்தில் கடிதம் கேட்டபோது ஒருமுறை முழங்கால் எலும்பு வெளியே வந்தது. இரண்டையும் தனித்தனி உறையில் போடச் சொல்லி மகள் இல்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். “ரெண்டும் ஒரே வருத்தம்தானே மகள்,” என்று ரஸீன் அதை மாற்றவில்லை.

வயது நாற்பத்தெட்டு. ஊர் அலவத்துகொட. தொழில் பெக்கோ இயந்திரம் ஓட்டுவது. அக்குறணைக் கடைத்தெருவில் கடந்த இருபது வருடங்களில் எழுந்த மாடிகளில் பலவற்றுக்கு அத்திவாரக் கிடங்கு தோண்டியது அவர்தான். எந்தக் கடைக்கு அடியில் பாறை இருக்கிறது, எந்தக் கடைக்கு அடியில் ஊற்று இருக்கிறது என்று இன்றைக்கும் விரல் நீட்டிச் சொல்வார். ஓடும் இயந்திரத்தின் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்த காலத்தில் வெளியே ஏதோ கட்டட வேலை நடந்தது. மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சிற்றூழியர் ஒருவரைக் கூப்பிட்டு, “அந்த பெக்கோக்காரனிட்டப் போய்ச் செல்லுங்க, ஹைட்ரோலிக் ஒழுகுது, கை விழுந்தா ஆள் சாகும்,” என்று சொல்லியனுப்பினார். ஒழுகத்தான் செய்தது.

இந்தத் தொழிலோடு இன்னொன்றும் இருந்தது. இருபத்தொன்பதாவது வயதில் இராணுவத்தின் தொண்டர் படையில் சேர்ந்தவர் ரஸீன். முழுநேரச் சிப்பாய் அல்ல. வருடத்தில் சில வாரம் பயிற்சி, வெள்ளம் வந்தால் அழைப்பு, மண் சரிந்தால் அழைப்பு. மற்ற நாட்களில் ஊரில் தன் வேலை. ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் நாட்டுப்பற்று என்றெல்லாம் சொல்லமாட்டார். “அங்க புல்டோசர் ஓட்டத் தந்தாங்க. வெளிய எங்களுக்கு யாரு தார?” என்பார். ஊரில் ரஸீன் என்று நான்கு பேர் இருப்பதால் இவர் ‘ஆமிக்கார ரஸீன்’ ஆனார். சிலர் மரியாதையாகச் சொன்னார்கள், சிலர் அப்படிச் சொல்லவில்லை. கலவரத்தால் நிலைமை கெட்டிருந்த ஒரு வருடத்தில் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்ற காவலில் அவரும் இருந்தார். உள்ளே தொழப் போனவர்கள், சீருடையில் நின்ற தங்கள் ஊர்க்காரருக்குச் சலாம் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறிவிட்டுப் போனார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் ரஸீன் சிரிப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஒக்டோபர் பதினாறாம் திகதி காலை. நான்கு நாளாக விடாத மழை. ஒன்பது நாற்பதுக்கு அவருடைய தொலைபேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் சார்ஜன் விமலசூரிய. முழுநேரப் படைவீரர், கடுகண்ணாவையைச் சேர்ந்தவர், ரஸீனுக்கு புல்டோசர் பழக்கியவர். முக்கால் மணித்தியாலத்தில் ரஸீன் சீருடையோடு, வேலைத்தலத்தில் நின்ற பெக்கோவை ஓட்டிக்கொண்டு மலையடிக்குப் போய்ச் சேர்ந்தார். வீதித் தடையில் நின்ற பொலிஸ்காரர் சீருடையைப் பார்த்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். மேலே மூன்று வீடுகள் மண்ணுக்குள் போயிருந்தன.

இரண்டு மணிவரை தோண்டினார்கள். நான்கு பேரை உயிரோடு எடுத்தார்கள். கடைசியாக எடுத்த பெண், தன் கூந்தல் கலைந்திருப்பதைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டே மயங்கிப்போனாளாம். அதற்குப் பிறகு மலை இரண்டாவது முறை இறங்கியது. இயந்திரத்தின் கைக்குப் பக்கத்தில் நின்று வழி காட்டிக்கொண்டிருந்த விமலசூரிய அதோடு போய்விட்டார். சாய்ந்த இயந்திரத்துக்கும் ஒரு பாறைக்கும் நடுவே ரஸீனின் இடது கால் இருந்தது.

அடுத்த நாள், பதினேழாம் திகதி, தொண்டர் படையினரைக் கடமைக்கு அழைக்கும் கட்டளை முறைப்படி வெளியானது. காலை ஆறு மணி முதல் அமுல்.

ஒன்பது மாதங்கள் கழித்து, மூன்றாவது சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது முதலாவது கடிதம் வந்தது. பதினாறாம் திகதி அவர் கடமையில் இருக்கவில்லை. பொதுமகனாகத் தன் சொந்த விருப்பத்தின்பேரில் அவ்விடத்துக்குச் சென்றிருக்கிறார். ஆகவே காயம் கடமையின்போது ஏற்பட்டதாகக் கொள்ள முடியாது என்று மருத்துவ சபையின் முடிவை அது அறிவித்தது. இரண்டு வாரத்தில் அடுத்த கடிதம். கடமைக்கு அழைக்கப்படாத நாளில், அனுமதியின்றிச் சீருடை அணிந்து, வீதித் தடையைக் கடந்தமைக்கு விளக்கம் தரவேண்டும்.

முதலாவது கடிதத்தைப் படித்துவிட்டு ரஸீன் சாப்பிட்டார். இரண்டாவதைப் படித்துவிட்டுச் சாப்பிடவில்லை.

“அனுமதியில்லாம ஆமி உடுப்பு,” என்று மனைவி நிஹாராவிடம் சொன்னார். “எங்கட பேரோட அப்பிடி ஒரு வரி பைல்ல ஈந்தா என்னத்துக்குப் போகும் தெரியுமா? பத்து வருசம் கழிச்சி எவனாவது எடுத்துப் பாப்பான். மண்ணு சரிஞ்சது அதுல ஈக்காது. நாலு பேர எடுத்தது ஈக்காது. உடுப்பு மட்டும்தான் ஈக்கும்.”

“விட்டுடுங்களே,” என்றார் நிஹாரா. “எங்களுக்கு நீங்க ஈந்தாப் போதும்.”

அவர் விடவில்லை. அன்றிலிருந்து எழுதத் தொடங்கினார். சிங்களத்தில், சொந்தக் கையெழுத்தில், கோடு போடாத தாளில் கோடு பிசகாமல். இல்மா கம்பியூட்டரில் அடித்துத் தருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டார். அடித்த கடிதத்தை யாரும் அடிக்கலாம், கையால் எழுதினால் எழுதின மனிதன் ஒருவன் இருக்கிறான் என்று தெரியும் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு கடிதத்திலும் முந்திய கடிதங்களின் இலக்கமும் திகதியும் வரிசையாக இருக்கும். பதில் வரும். விடயம் பரிசீலனையில் உள்ளது என்றிருக்கும். ஒரு பதிலில் பதினாறுக்குப் பதில் இருபத்தாறு என்று தவறாக எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தித் தரும்படி தனியாக ஒரு கடிதம் எழுதினார்.

ஆஸ்பத்திரியில் இது பரவிவிட்டது. சிங்களத்தில் கடிதம் எழுதவேண்டியவர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். குப்பை லொறியில் வேலை செய்து, சீனி வருத்தத்தில் இரண்டு கால்விரல்களை இழந்த பெரியதம்பி அவர்களில் ஒருவர். இப்போது கிளினிக் நாட்களில் ரஸீனுக்கு இடம் பிடித்து வைப்பவரும் அவரே.

“நானா, நமக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க. லொறியில ஏற முடியல. உக்காந்து செய்யிற வேலையா பாத்துத் தரச்சொல்லி.”

“எப்ப வெரலு எடுத்த?”

“அது ஒரு… பங்குனி மாசம் இருக்கும்.”

“இருக்கும் எண்டு எழுத ஏலாண்ணே. ஆஸ்பத்திரி டிக்கட்டக் கொண்டாங்க. திகதி பாப்பம்.”

“வெரல் போனது கண்ணுக்குத் தெரியுதுல்ல நானா? திகதி என்னத்துக்கு?”

“எனக்கும் கால் போனது கண்ணுக்குத் தெரியிதுதான்,” என்றார் ரஸீன்.

பெரியதம்பி எழுந்து டிக்கட் எடுக்கப் போனார். அவருடைய கடிதத்துக்கு மூன்று வாரத்தில் பதில் வந்தது. நீர்க்குழாய்க் களஞ்சியத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. வாழைப்பழச் சீப்பு ஒன்றோடு வந்து சொன்னார். ரஸீன் மனப்பூர்வமாகச் சந்தோசப்பட்டார். பழத்தை வாட்டு முழுவதும் பிரித்துக் கொடுத்தார். அன்று பின்னேரம் தன் எட்டாவது கடிதத்தை எழுதத் தொடங்கி, இரண்டு முறை கிழித்தார். அவர் தாள் கிழித்து இல்மா அதற்குமுன் பார்த்ததில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார். நட்டுத் திருப்பி இழுத்த இடத்தில் புது எலும்பு நிரம்பவில்லை. இன்னும் இரண்டு சத்திரசிகிச்சைகள் வேண்டும், அதற்குப்பின் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். காயப்பட்ட படையினருக்கான சிகிச்சை நிலையத்தில் அதற்கு எல்லா வசதியும் இருக்கிறது, உடனே செய்யலாம். வெளியாள் என்றால் வரிசையில் நிற்கவேண்டும். வரிசை நீளம். அதுவரை கிருமி பிடிக்காமல் இருந்தால் பார்க்கலாம். பிடித்தால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

“அப்ப இந்தக் கால் ஒரு திகதியில தொங்குது டொக்டர்,” என்றார் ரஸீன். வைத்தியர் படத்தை உறைக்குள் திருப்பி வைத்தார்.

ஒன்பதாவது கடிதத்துக்குத்தான் வேறு மாதிரியான பதில் வந்தது. மூன்று அதிகாரிகள் கொண்ட விசாரணை நடைபெறும். தங்களை அழைத்ததாகக் கூறப்படும் குரல் பதிவைக் கொண்டுவரவும். அது காலஞ்சென்ற சார்ஜனின் குரல்தான் என்று உறுதிப்படுத்தக்கூடிய ஒருவரையும் அழைத்துவரவும். ரஸீன் அதை இல்மாவுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தார்.

உறுதிப்படுத்தக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். விமலசூரியவின் மனைவி இந்திராணி. ஆனால் இந்த இரண்டு வருடத்தில் ரஸீன் ஒருமுறைகூடக் கடுகண்ணாவைப் பக்கம் போனதில்லை. ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அது உண்மை. பிறகு போயிருக்கலாம். ஒன்றாக நின்ற இருவரில் தான் மட்டும் பிழைத்து, அந்த மனிதரின் வீட்டுக் கதிரையில் போய் உட்காருவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

இல்மாவோடு ரயிலில் போனார். பஸ்ஸில் இந்த வளையங்களோடு ஏறமுடியாது. ரயிலிலும் வாசற்பக்கம் நின்றவர்கள் ஒதுங்கி, ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு வழி விடவேண்டியிருந்தது. பிலிமத்தலாவை தாண்டியதும் இல்மா கேட்டாள், “வாப்பா, அவங்க ஏசினா?”

“ஏசட்டும் மகள். அதுக்கும் சேத்துத்தான் போற.”

இந்திராணி ஏசவில்லை. பிரதான வீதியோரமாக, வீட்டு முன்னறையையே சின்னக் கடையாக்கி இஞ்சியும் வெள்ளைப்பூண்டும் அவித்த சோளமும் விற்றுக்கொண்டிருந்தார். ஊன்றுகோல்களைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொண்டார். கடையை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, ரஸீனின் காலுக்கு முன்னால் குனிந்து அந்த இரும்பைப் பார்த்தார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான், தம்பிக்கு மல்லி, அக்காவுக்கு அக்கே.

“வலிக்குமா மல்லி?”

“இப்ப பழகிட்டு அக்கே.”

“நீங்க வருவீங்க வருவீங்க என்று பார்த்தேன். அவர் கடைசியாக் கண்ட ஆள் நீங்கதானே. என்ன சொன்னார், பசியோட இருந்தாரா, அதெல்லாம் நான் யாரிடம் கேட்கிறது?”

ரஸீன் தலையைக் குனிந்துகொண்டார். பன்னிரண்டு மணிக்கு ஒரு கிராமத்துப் பெண் கொடுத்த மரவள்ளிக்கிழங்கை இருவரும் பாதிபாதி தின்றதைச் சொன்னார். மிளகாய்ச் சம்பல் உறைப்பென்று விமலசூரிய கண்ணைத் துடைத்ததைச் சொன்னார். இந்திராணி சிரித்தார், அழுதார். அவருக்கு உறைப்பு ஆகாது, எப்போதும் ஆகாது என்று பலமுறை சொன்னார்.

உள்ளே சுவரில் விமலசூரியவின் படம். கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். கடமையின்போது உயிர்நீத்தவர் என்றும், இறந்தபின் பதவி உயர்த்தப்பட்டவர் என்றும் அதில் எழுதியிருந்தது. முகாம் வாசலில் உள்ள நினைவுச் சுவரில் பெயரைப் பொறித்திருக்கிறார்கள், ஒவ்வொரு பௌர்ணமிப் போயவுக்கும் போய்ப் பூ வைத்து வருகிறேன் என்றார் இந்திராணி. அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது.

ரஸீன் வந்த காரியத்தைச் சொன்னார். குரலை உறுதிப்படுத்தவேண்டும், அவ்வளவுதான். இல்மா தொலைபேசியை மேசையில் வைத்துப் பதிவைப் போட்டாள். மழை இரைச்சலுக்கு நடுவே விமலசூரிய பேசினார்.

“ரஸீன் மல்லி, மண் சரிஞ்சிருக்கு. உள்ளே ஆட்கள் கத்துறது கேட்குது. ஓடர் இன்னும் இல்லை, நாளைக்குத்தான் வருமாம். பார்த்துக்கொண்டு நிக்க முடியாது. மெஷினைக் கொண்டு வா. உடுப்பைப் போட்டுக்கொண்டு வா, இல்லாவிட்டால் பொலிஸ் மேலே விடாது. மம வககியன்னம்.”

நான் பொறுப்புச் சொல்கிறேன் என்று அதற்கு அர்த்தம். இந்திராணி மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது முறை கடைசிச் சொல்லை வாய்க்குள் கூடவே சொன்னார். தன்னுடைய தொலைபேசிக்கும் அதை அனுப்பித் தரும்படி இல்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“நான் வருகிறேன்,” என்றார். “பொறுப்புச் சொல்கிறேன் என்று சொன்ன மனிதன் இப்போது வந்து சொல்ல முடியாது. அவருக்காக நான் சொல்கிறேன்.”

திரும்பி வரும்போது ரஸீன் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து இல்மாவிடம் பழைய பகிடிகள் சொன்னார். வாப்பாவின் காது அருகே நரை இவ்வளவு ஏறியிருப்பதை அன்றுதான் அவள் கவனித்தாள்.

விசாரணை நாளன்று என்ன உடுப்பது என்று வீட்டில் ஒரு பிரச்சினை வந்தது. சீருடை போடக்கூடாது. காற்சட்டை வளையத்துக்கு மேலே ஏறாது. கடைசியில் ஜும்ஆவுக்கு உடுக்கும் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாகப் போனார். முகாம் அலுவலக நடையில், சுவரோரக் கதிரையில், இந்திராணி ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். அவரும் வெள்ளைச் சேலை. கையில் ஒரு துண்டுக் காகிதம். சொல்லவேண்டியதை எழுதி வைத்து உதட்டசைத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

அழைப்புக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தபோது, கோப்புகளைக் கவனிக்கும் கோப்ரல் வெளியே வந்து ரஸீனைத் தனியே கூப்பிட்டார். இளைஞர். ஒரு வருடத்துக்கு மேலாக ரஸீனின் கடிதங்களையெல்லாம் வாங்கி முத்திரை குத்தியவர். ஒருமுறை, உங்கள் கையெழுத்து எங்கள் ஆசிரியருடைய கையெழுத்தைவிட அழகு அய்யே என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னவர்.

“அய்யே, அந்தப் பதிவை நீங்க அனுப்பின எழுத்துப் பிரதியில் படித்தேன். ‘ஓடர் இன்னும் இல்லை’ என்று ஒரு வசனம் இருக்கிறதே.”

“ஓம். ஓடர் சுணங்கின.”

“சுணங்கவில்லை.” கோப்ரல் நடையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டார். “அன்றைக்கு ஒன்பது பத்துக்கு அவருக்குக் கட்டளை போயிருக்கிறது. மேலே ஏறவேண்டாம், இரண்டாவது சரிவு வரலாம், ஆட்களையோ இயந்திரத்தையோ மேலே விடவேண்டாம், வீதியில் நிற்கவும் என்று. பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் தனியாக நிலைமையைப் பார்வையிடப் போனபோது இறந்தார் என்றுதான் அவருடைய கோப்பு முடிந்திருக்கிறது. உங்கள் மெஷின் தானாக வந்தது என்று. இந்தக் குரல் உள்ளே போனால் அவர் கட்டளையை மீறி ஒரு ஆளைக் கூப்பிட்டு, அந்த ஆள் கால் இழந்தார் என்று வரும். அந்தக் கோப்பைத் திறப்பார்கள். திறந்தால்…”

கோப்ரல் வெளியே பார்த்தார். நடையின் கோடியில் திறந்திருந்த கதவுக்கு வெளியே நினைவுச் சுவரின் ஒரு பகுதி தெரிந்தது. அதன் அடியில் அன்று காலை யாரோ வைத்த நித்தியகல்யாணிப் பூக்கள்.

“அந்த அக்காவுக்குத் தெரியுமா?” என்று ரஸீன் கேட்டார்.

“எப்படித் தெரியும்?”

“நான் இப்ப என்ன செய்யணும் எண்டு செல்லுற?”

“நான் ஒன்றும் சொல்லவில்லை அய்யே. நீங்க எழுதினதெல்லாம் உண்மை. அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. தெரியாமல் உள்ளே போகவேண்டாம் என்றுதான்…”

பத்து நிமிடம் நீண்ட நேரம். ரஸீன் சுவரில் சாய்ந்து நின்றார். உட்கார்ந்தால் எழும்புவது சிரமம். காலுக்குள் கம்பி போன இடங்களெல்லாம் சூடாக இருந்தன. விமலசூரியவின் மேல் அவருக்குக் கோபம் வந்தது. இந்த இரண்டு வருடத்தில் முதல்முறையாக வந்தது. வேண்டாம் என்று சொல்லப்பட்ட இடத்துக்கு என்னை ஏன் கூப்பிட்டாய் மனிசா? சொல்லியிருக்கலாமே, கட்டளை இப்படி என்று. பிறகு, சொல்லியிருந்தால் மட்டும் நான் போகாமல் நின்றிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தார். மண்ணுக்குள்ளிருந்து கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. கோபம் அதற்குமேல் நிற்கவில்லை. அது போன இடத்தில் வேறெதுவும் வந்து நிரம்பவும் இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து கூட வரப்போன இந்திராணியைப் பார்த்து, “உங்களப் பொறகு கூப்பிடுவாங்க அக்கே,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவைத் தானே சாத்தினார்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். நடுவிலிருந்த மேஜர் அவரை உட்காரச் சொன்னார். கால் நீட்ட இன்னொரு கதிரையும் போடச் சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தது.

“குரல் பதிவு கொண்டுவந்திருக்கிறீர்களா?”

“இல்ல சேர்.”

“இல்லையா? ஒன்பது கடிதத்திலும் அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள்.”

“அழிஞ்சிட்டுது சேர்.”

“பிரதி அனுப்பியிருக்கிறீர்களே.”

“ஞாபகத்துலருந்து எழுதின. இப்ப யோசிச்சுப் பார்த்தா அது அன்டைக்கி வந்ததில்ல. அதுக்கு முந்தி ஒரு நாள் வெள்ளத்துக்குக் கூப்பிட்டது. திகதி குழம்பிட்டுது.”

மேஜர் கண்ணாடியைக் கழற்றினார். இடது பக்க அதிகாரி கோப்பைப் புரட்டி, இந்த மனிதர் இருபத்தாறைப் பதினாறாகத் திருத்தும்படி எழுதிய கடிதத்தை எடுத்து மேஜருக்கு முன்னால் வைத்தார். மேஜர் அதைப் படித்தார். நிமிர்ந்து ரஸீனைப் பார்த்தார். அவருக்கு விளங்கியதா இல்லையா என்று சொல்ல முடியாது. விளங்கியிருந்தாலும் அதைப் பதிவு செய்வதற்கு அங்கே இடமிருக்கவில்லை.

“அப்படியானால் அன்றைக்கு உங்களை வரச் சொன்னது யார்?”

“யாரும் இல்ல சேர். ஊரவங்க சென்னாங்க, மண்ணு சரிஞ்சிட்டு எண்டு. நானாப் போன.”

“சீருடை?”

“அதும் நானாப் போட்ட.”

எழுதினார்கள். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். தன் சொந்த விருப்பத்தின்பேரில் என்ற சொற்கள் அதில் இருந்தன. ஒரு வருடத்துக்கு மேலாக எந்தச் சொற்களை வெட்டச் சொல்லிப் போராடினாரோ அதே சொற்கள், அதே ஒழுங்கில். ரஸீன் வாங்கி, ஒரு எழுத்து விடாமல் மறுபடி வாசித்து, அடியில் கையெழுத்து வைத்தார். முன்னைய முடிவில் மாற்றமில்லை என்றும், சீருடை விடயம் எழுத்துமூல எச்சரிக்கையோடு முடிக்கப்படுகிறது என்றும் மேஜர் அறிவித்தார். பிறகு, விதிகளில் இல்லாத ஒன்றைச் செய்தார். எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வெளியே இந்திராணி எழுந்து நின்றார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கையிலிருந்த காகிதத்தை மடித்தார்.

“என்னைக் கூப்பிடுகிறார்களா?”

“தேவப்படல்ல அக்கே. முடிஞ்சிட்டுது.”

“அவருடைய குரலைக் கேட்டார்களா?”

ரஸீன் ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் பக்கத்துக் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். இந்திராணியும் உட்கார்ந்தார். மூடியிருந்த கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“சரியாச்சா மல்லி? நீங்க கேட்டதை எழுதிக்கொண்டார்களா?”

ரஸீன் அவருடைய முகத்தைப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.